கையடக்கக் காமிராவின் வாசல்கள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்துள்ள விந்தைப் பொருள்கள் எத்தனையோ! அவற்றுள் பாட்டி முதல் பால்மணம் மாறாத குழந்தை வரை வீட்டிலுள்ள அனைவரும் சிரித்த முகத்துடன் எதிர்கொள்ளும் கருவி ஒன்று உண்டென்றால் அது காமிராவே. இன்று செல்போனுக்குள்ளேயே காமிரா வந்துவிட்டது. ஆயினும் பள்ளிக்குள் செல்போன் கொண்டுவர நமக்கு அனுமதியில்லை என்பதைத் தோழியர் நன்கறிவீர்கள். ஆகவே விளையாட்டு விழாவானாலும் அறிவியல் கண்காட்சியானாலும், அலுவலக அறையின் அலமாரியிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் வெள்ளிநிறக் காமிரா ஒன்று வெளியே வருகிறது. அதைப் பார்த்திராதவர் நம்மில் எவருமிலர். ஆனால் அதன் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் துளைகள் எதற்கு, மேலே சுழலும் வட்டத்திலுள்ள பூவும் மலையும் ஓடும் மனிதனும் என்ன சொல்கின்றன என்று கேட்டால் பலரும் விழிப்போம். அவற்றைப் பற்றிப் படித்தும் கேட்டும், கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

பிலிம் காமிராவுக்கு ஒரே வாசல்தான். பின்கதவைத் திறந்து சுருளை எடுத்து ஸ்டூடியோவில் கொடுத்தால் போதும். மறுநாள் படம் கைக்கு வந்துவிடும். எந்தக் கம்பியையும் அதில் சொருக வேண்டியதில்லை. டிஜிட்டல் காமிராவின் நிலை வேறு. அதற்குள் இருக்கும் படம் வெறும் எண்களின் வரிசையே. அதைக் கண்ணால் காண ஒரு திரை வேண்டும். வெளியே கொண்டுவர ஒரு வழி வேண்டும். அந்த வழி அடைபட்டுப் போனால், நகைப்பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த கதைதான்.

இந்த உண்மை டிஜிட்டல் காமிரா பிறந்த அன்றே வெளிப்பட்டுவிட்டது. ஒளியை மின்னூட்டமாக மாற்றித் தரும் சி.சி.டி. என்னும் சில்லை 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் உருவாக்கினர். (நாற்பது ஆண்டுகள் கழித்து 2009-இல்தான் இதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றனர்!) அந்தச் சில்லை வைத்துக்கொண்டு 1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஒரு காமிராவைச் செய்தார். எடை ஏறத்தாழ 3.6 கிலோ. படத்திலிருந்த புள்ளிகள் நூற்றுக்கு நூறு, அதாவது மொத்தம் 10,000 மட்டுமே. ஒரு படத்தைப் பதிவுசெய்ய 23 வினாடிகள் ஆயின. பதிவானது எதில் தெரியுமா? பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவைப் போன்ற கேசட்டில்! அதைத் தனிக் கருவியில் பொருத்தித் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த பிறகே படம் தெரிந்தது. ஆக, உலகின் முதல் கையடக்க... இல்லை, அதைக் கையடக்கம் என்று சொன்னால் சாசனின் கைகளே நம்மை மன்னிக்கா. இரு கைகளாலும் தூக்க வேண்டிய அந்தக் காமிராவுக்கும் வேறொரு கருவியின் துணை இல்லாமல் ஒரு படத்தைக்கூடக் காட்ட முடியவில்லை.

எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கும் வழக்கத்தைப் பொதுமக்களிடையே பரப்பியது 1995-இல் ஜப்பானில் வெளிவந்த காசியோ கியூ.வி.-10 என்னும் காமிரா. விலை 65,000 யென். முதுகில் 1.8 அங்குலத் திரை, திருப்பக்கூடிய லென்ஸ், உள்ளே 2 மெகாபைட் நினைவகம், அதில் 96 படங்கள். ஒவ்வொன்றும் 320-க்கு 240 புள்ளிகள், அவ்வளவே. இன்றைய செல்போன் திரையில் ஒரு மூலைக்குக்கூட அது போதாது. ஆனாலும் அந்தச் சிறிய பெட்டியில் தொலைக்காட்சிக்கு ஒரு துளையும் கணிப்பொறிக்கு ஒரு துளையும் இருந்தன. அன்று வகுத்த அந்த இலக்கணத்தைத்தான் பின்வந்த காமிராக்கள் யாவும் பின்பற்றின.

இனி அந்தத் துளைகளுக்கு வருவோம்.

முதலில் கணிப்பொறிக்கான துளை. தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கம்பி, தனக்கென ஒரு மென்பொருள் என்று வைத்திருந்தது. 1996-இல் யு.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறை வந்த பிறகே நிலைமை சீரடைந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னணியில் நின்றவர் நம் நாட்டில் பிறந்து பரோடாவில் பொறியியல் பயின்ற அஜய் பட் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. முதலில் பரவிய யு.எஸ்.பி.யின் உச்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்று கணிப்பொறி வகுப்பில் படித்தோமல்லவா? அப்படியானால் 12-ஐ 8-ஆல் வகுக்க, வினாடிக்கு ஒன்றரை மெகாபைட். ஆறு மெகாபைட் உள்ள ஒரு படம் வெளியேறக் குறைந்தது நான்கு வினாடிகள். 2000-இல் வந்த இரண்டாம் யு.எஸ்.பி.யின் உச்ச வேகம் 480 மெகாபிட். கணக்குப்படி அதே நான்கு வினாடியில் நாற்பது படங்கள். கணக்குப்படி என்றுதான் சொல்கிறேன். உண்மையில் கார்டின் வேகமும் காமிராவின் வேகமும் குறுக்கே நிற்பதால் இதில் பாதிகூட வருவதில்லை.

வேகத்தைவிட நம்மைப் பெரிதும் வாட்டுவது துளையின் வடிவம். யு.எஸ்.பி. என்பது பொதுமுறை என்றாலும் காமிராவின் பக்கம் உள்ள முனையைப் பல நிறுவனங்கள் தம் விருப்பப்படி செய்துகொண்டன. கணிப்பொறியில் சொருகும் முனை எல்லாவற்றிலும் ஒன்று. காமிராவில் சொருகும் முனை ஆளுக்கொன்று! செல்போன் சார்ஜர் கம்பி அதில் நுழையாது. காமிராவைப் பத்திரமாக வைத்திருப்போர் பலரும் அதன் கம்பியைப் பத்திரமாக வைப்பதில்லை. இதனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

என் தாத்தா, நான் கைக்குழந்தையாய் இருந்தபோதே காலமாகிவிட்டார். அவர் என்னை மடியில் வைத்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லையே என்று அம்மா பலமுறை வருந்தியதுண்டு. பெரியம்மா வீட்டுப் பீரோவில் ஒரு பழைய காமிரா இருந்தது. "அதிலே ஒண்ணும் இல்லடி, கார்டை எத்தனையோ தடவை பார்த்தாச்சு" என்பார்கள் பெரியம்மா. சென்ற கோடை விடுமுறையில், இந்தக் கட்டுரைக்காக அதை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பென்சில் பாட்டரியில் ஓடும் வகை. கார்டு பெரியம்மா மகனான அண்ணனிடம் இருந்ததால், கார்டு இல்லாமலே பாட்டரியைப் போட்டு இயக்கினேன். கார்டு இல்லை என்று சொல்லும் என எதிர்பார்த்தால், திரையில் படம் வந்தது! அதுபோன்ற காமிராக்களில் உள்ளேயே பிரிக்க முடியாத சிறு நினைவகம் ஒன்று உண்டு. கார்டு இல்லாத வேளையில் எடுக்கும் படங்கள் அதில் சென்று தங்கும். கார்டைப் போட்டதும் காமிரா கார்டை மட்டுமே காட்டும். உள்நினைவகத்தை மறந்தாற்போல் இருந்துவிடும். பெரியம்மா கார்டைப் போட்டுப் போட்டுப் பார்த்ததால்தான் அத்தனை ஆண்டுகளும் அவை கண்ணில் படவில்லை.

மொத்தம் ஒன்பது படங்கள். ஆறில் தாத்தா இருந்தார். ஒன்றில் திண்ணையில் அமர்ந்து, கையிலிருந்த துணிப்பொதியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொதி நான்தான் என்று அம்மா சொன்னார்கள்.

சரி, படங்களை வெளியே எடுப்பது எப்படி? அந்தக் காமிராவின் கம்பி எட்டு முள் கொண்ட தனி வடிவம். வீட்டில் இல்லை, எங்கள் ஊர்க் கடைகள் மூன்றிலும் இல்லை. அப்போதுதான் மெனுவில் 'நகலெடு' என்றொரு பகுதி இருப்பதைக் கண்டோம். உள்நினைவகத்திலிருந்து கார்டுக்கு, கார்டிலிருந்து உள்நினைவகத்துக்கு என இரு திசைகள். அண்ணனிடமிருந்து கார்டை வாங்கிப் போட்டு, முதல் திசையைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினோம். சில வினாடிகளில் ஒன்பது படங்களும் கார்டுக்கு வந்துவிட்டன. ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய காமிராவைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் கார்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

கார்டுகளின் கதையோ தனிப் புராணம். 1997-இல் சோனி வெளியிட்ட மாவிகா வகைக் காமிரா ஒன்று, கணிப்பொறியின் 1.44 மெகாபைட் பிளாப்பியையே பிலிமாகப் பயன்படுத்தியது. பிளாப்பியை எடுத்துக் கணிப்பொறியில் சொருகினால் வேலை முடிந்தது; கம்பியே வேண்டாம்! நல்ல யோசனைதான். ஆனால் இன்றைய ஆறு மெகாபைட் படம் ஒன்றை வைக்க ஐந்து பிளாப்பிகள் வேண்டும். பின்னர் காம்பாக்ட் ஃபிளாஷ், ஸ்மார்ட் மீடியா, மெமரி ஸ்டிக், எக்ஸ்.டி. எனப் பல கார்டுகள் வந்தன. ஒன்று மற்றொன்றின் துளையில் நுழையாது. பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி 1999-இல் அறிவித்த எஸ்.டி. கார்டே இறுதியில் நிலைத்தது.

இந்த எஸ்.டி. கார்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் அதில் பல தலைமுறைகள் உள்ளன. முதல் தலைமுறை 2 கிகாபைட் வரை, எஸ்.டி.எச்.சி. என்பது 32 கிகாபைட் வரை, எஸ்.டி.எக்ஸ்.சி. அதற்கும் மேல். புதிய காமிரா பழைய கார்டைப் படிக்கும். பழைய காமிரா புதிய கார்டைப் படிக்காது. பேத்தி பேசுவது பாட்டிக்குப் புரியாத மாதிரிதான்! 2005-ஆம் ஆண்டுக் காமிராவுக்குக் கடைக்காரர் 64 கிகாபைட் கார்டைக் கொடுத்தால், காமிரா கெட்டுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 2 கிகாபைட் கார்டைத் தேடி வாங்கிப் போட்டால் அது பழையபடி வேலை செய்யக்கூடும். கார்டின் ஓரத்திலுள்ள சிறிய நகர்த்தியைப் பற்றியும் பலருக்குத் தெரியாது. அதைப் 'பூட்டு' பக்கம் தள்ளினால் காமிரா புதிதாக எதையும் எழுதாது, எதையும் அழிக்காது. விழா முடிந்ததும் அதைத் தள்ளிவிட்டால் படங்கள் தவறி அழிவதைத் தடுக்கலாம். மறுவிழாவுக்கு முன் திரும்பத் தள்ள மறந்தால் மேடையருகே நின்று வியர்க்கவும் நேரும்!

கார்டைக் கணிப்பொறியில் போட்டுத் திறந்தால் 'டி.சி.ஐ.எம்.' என்றொரு பெட்டி இருக்கும். எந்த நிறுவனத்தின் காமிராவாக இருந்தாலும் இதே பெயர்தான். ஜப்பானிய நிறுவனங்கள் 1998-இல் வகுத்துக்கொண்ட பொதுவிதி அது. உள்ளே 100 என்ற எண்ணில் தொடங்கும் பெட்டிகள். அவற்றினுள் நான்கெழுத்தும் நான்கெண்ணும் கொண்ட பெயருடன் படங்கள். ஒரு படத்துக்கு 'ரோஜா' என்று அழகாகப் பெயர் மாற்றி மறுபடி கார்டில் வைத்தால் காமிரா அதைக் காட்ட மறுக்கும். ஆதலால் பெயர் சூட்டும் ஆசையைக் கணிப்பொறியில் உள்ள நகலோடு நிறுத்திக்கொள்வது நலம்.

தொலைக்காட்சி இணைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் முனை படத்துக்கு, வெள்ளை முனை ஒலிக்கு. மெனுவில் 'பால்', 'என்.டி.எஸ்.சி.' என இரண்டு இருக்கும். நம் நாட்டுக்குரியது 'பால்'. மற்றதைத் தேர்ந்தால் சில தொலைக்காட்சிகளில் படம் உருளும், அல்லது நிறமின்றித் தெரியும். புதிய காமிராக்களில் எச்.டி.எம்.ஐ. வந்துவிட்டதால் இத்தொல்லை குறைந்துவிட்டது.

கணிப்பொறியே இல்லாமல் காமிராவிலிருந்து நேரே அச்சு எந்திரத்துக்குப் படம் அனுப்ப 2003 முதல் 'பிக்ட்பிரிட்ஜ்' என்னும் முறை உண்டு. எந்தப் படம் எத்தனை பிரதி வேண்டும் என்று காமிராவிலேயே குறித்துவைக்கும் 'டிபாஃப்' முறையும் உண்டு. குறித்த கார்டைக் கொடுத்தால் கடை எந்திரம் அதைப் படித்துக்கொள்ளும். இவ்வளவு பயனுள்ள வசதியை ஏறக்குறைய யாருமே பயன்படுத்தவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. நம் ஊரில் ஒரு தாளில் எண்களை எழுதிக் கொடுப்பதே எளிதாகப் போய்விட்டது போலும்.

கம்பியில்லா இணைப்புக்கு வருவோம். 2005-இல் நிக்கான் வெளியிட்ட கூல்பிக்ஸ் பி1, பி2 காமிராக்கள் வைஃபை வசதியோடு வந்தன. 2007-இல் 'ஐ-ஃபை' என்றொரு வியத்தகு கார்டு வந்தது. எஸ்.டி. கார்டின் சின்னஞ்சிறு உடலுக்குள்ளேயே வைஃபை கருவி! சாதாரணக் காமிராவில் போட்டாலும் படங்கள் தாமாகக் கணிப்பொறிக்குப் பறந்து சென்றன. ஆனால் அது அந்த நிறுவனத்தின் சேவையை நம்பியே இயங்கியது. 2016-இல் பழைய கார்டுகளுக்கான சேவை நிறுத்தப்பட்டபோது, கார்டில் எந்தக் குறையும் இல்லாதிருந்தும் அதன் சிறப்பெல்லாம் போயிற்று. கம்பியாவது கையில் இருக்கும். சேவை பிறர் கையில் இருக்கிறது.

அதே 2016-இல் வந்த கேனன் இக்ஸஸ் 285 காமிராவை எடுத்துக்கொண்டு இந்த வைஃபை எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம். அதன் முதுகில் செல்போன் உருவம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் காமிராவே ஒரு சிறு வைஃபை நிலையமாக மாறித் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் திரையில் காட்டும். செல்போன் அந்த நிலையத்தில் சேர்ந்துகொள்ளும். பிறகு செல்போனிலுள்ள காமிரா செயலி வழியாகப் படங்களைத் தேர்ந்து எடுக்கலாம். தொலைவிலிருந்து காமிராவை இயக்கவும் செய்யலாம். இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று. காமிராவின் வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. அது காமிராவுக்கும் செல்போனுக்கும் இடையே மட்டும் போட்ட ஒற்றையடிப் பாதை. இன்டர்நெட் இல்லையே என்று செல்போன் புகார் செய்து, தானாக விலகிப் பழைய வழிக்குப் போய்விடும். நாமோ காமிராவைக் குறை சொல்வோம்! 'இப்போதைக்கு இதிலேயே இரு' என்று செல்போனுக்குச் சொல்லிவிட்டால் போதும். வைஃபை இயங்கும்போது பாட்டரி விரைந்து தீரும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நீண்ட வீடியோக்களுக்கு இன்றும் கார்டைக் கழற்றிக் கணிப்பொறியில் போடுவதே சிறந்தது என்பது என் எண்ணம்.

இந்தக் காமிராவையே கேனன் 2025-இல் சில மாற்றங்களுடன் மறுபடி வெளியிட்டது. பெரிய எஸ்.டி. கார்டுக்குப் பதிலாகச் செல்போனில் போடும் மைக்ரோ எஸ்.டி. கார்டு, வைஃபை வழியாக நேரே அச்சிடும் வசதி நீக்கம். 2010-ஆம் ஆண்டில் உலகில் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. பின்பு செல்போன் வந்து அந்தச் சந்தையையே விழுங்கிவிட்டது. இப்போது இளைஞர்கள் பழைய கையடக்கக் காமிராக்களைத் தேடித்தேடி வாங்குகிறார்களாம். அக்காமார்கள் இரும்புக்கடைக்குப் போட்டதைத் தங்கைமார்கள் விலை கொடுத்து வாங்கும் காலம்!

புளூடூத் இணைப்பும் சில காமிராக்களில் உண்டு. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பட்டப்பெயர் அது. 'நீலப்பல்' என்று பொருள். வைஃபையைவிட வேகம் மிகக் குறைவு. ஆனால் மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். அதனால் 2016 முதல் நிக்கான் காமிராக்கள் சிலவற்றில், காமிராவும் செல்போனும் ஓயாமல் கைகோத்தபடி இருந்து, எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் 2 மெகாபிக்சலாகச் சுருக்கி அனுப்பும் முறை வந்தது.

இனிச் சொல்லப்போவதைத் தோழியரும் பெற்றோரும் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். 2008-இல் வந்த நிக்கான் பி6000 போன்ற சில கையடக்கக் காமிராக்களில் ஜி.பி.எஸ். கருவியும் இணைந்தது. வானில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு காமிரா தான் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணித்து ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவிடும். வேறு சில காமிராக்கள், இக்ஸஸ் 285 உட்பட, செல்போனிடமிருந்து இடத்தைக் கேட்டு எழுதிக்கொள்கின்றன. படத்தின் மேல் அது தெரியாது. 'எக்ஸிஃப்' என்னும் மறைவான குறிப்பில் இருக்கும். படம் எடுத்த நாள், மணி, காமிராவின் பெயர் இவற்றோடு இடமும் அதில் இருக்கும்.

எவ்வளவு துல்லியம்? நமக்குத் தெரிந்த கணக்கை வைத்தே பார்க்கலாம். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். காமிரா எழுதும் எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தாலே, 111 கிலோமீட்டரைப் பத்தாயிரத்தால் வகுக்க, 11 மீட்டர்! நம் தெரு எது என்று மட்டுமன்று, எந்த வீடு என்றே சொல்லிவிடலாம். வீட்டு வாசலில் போட்ட கோலத்தைப் படமெடுத்து முன்பின் தெரியாதவருக்கு அனுப்பினால் கோலத்தோடு விலாசமும் போகிறது.

சுற்றுலா செல்லும்போது இது அருமையான வசதி என்பதை மறுக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து 'இந்த அருவி எங்கே?' என்று தலையைச் சொறிய வேண்டாம். ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் விடுதியிலும் அதை நிறுத்திவைப்பதே முறை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகின்றன. தெளிவு குறையக்கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பும் பழக்கம் இப்போது பரவி வருவதால் இதைச் சொல்கிறேன். இம்மலருக்காக முன்னாள் மாணவியர் சிலர் அனுப்பிய படங்களைக் கணிப்பொறியில் திறந்து, 'ப்ராபர்ட்டீஸ்' பகுதியைப் பார்த்தோம். பள்ளிக் காமிரா எடுத்த படங்களில் இடம் இல்லை. செல்போனில் எடுத்தவற்றுள் பலவற்றில் இருந்தது. ஒன்றில் ஓர் அக்காவின் வீட்டுக் கூரையே வரைபடத்தில் தெரிந்தது! சிஸ்டர் உடனே, இணையத்தில் ஏற்றும் எந்தப் படத்திலிருந்தும் இடக்குறிப்பை முதலில் நீக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒரு படத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அழிப்பதைப் பற்றியும் ஒரு சொல். காமிராவில் குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தினால் படம் உண்மையில் உடனே மறைவதில்லை. நூலகப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டதைப் போல, அந்த இடம் காலி என்று மட்டும் குறிக்கப்படுகிறது. வேறு படம் வந்து அதே இடத்தில் அமரும் வரை பழையது அங்கேயே இருக்கும். இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. தவறி அழித்துவிட்டால் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் கார்டைக் கழற்றிவிட்டால், மீட்பு மென்பொருள் கொண்டு பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் அழித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கார்டை வேறொருவரிடம் கொடுத்தால், அவரும் மீட்கலாம்! குடும்பப் படங்கள் இருந்த கார்டை விற்காமலிருப்பதே நல்லது.

மற்ற வசதிகளுள் மிகவும் ஏமாற்றுவது 'டிஜிட்டல் ஜூம்'. லென்ஸ் முன்னே நகர்ந்து பெரிதாக்குவது உண்மையான ஜூம். டிஜிட்டல் ஜூமோ நடுப்பகுதியை வெட்டி இழுத்துக் காட்டுவது. இரண்டு மடங்கு என்றால் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி. அதாவது 20 மெகாபிக்சலில் 5 மட்டுமே மீதி. அட்டைப்பெட்டியில் இரண்டையும் பெருக்கிப் பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள். அதைக் கண்டு மயங்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பூ அடையாளம். அதைப் போட்டால் சில காமிராக்கள் லென்ஸுக்கு ஓரிரு சென்டிமீட்டர் அருகிலுள்ள பொருளையும் தெளிவாகப் பிடிக்கும். உயிரியல் ஆய்வுக்கூடத்தில் செம்பருத்தியின் சூல்முடியை எடுத்தோம்; மகரந்தத் துகள்கள் ரவைபோல் தெரிந்தன. ஜூமைச் சேர்க்காமல் எடுக்க வேண்டும் என்பதே இதன் ரகசியம்.

முகத்தைக் கண்டுபிடித்துக் கட்டம் போடும் வசதி 2005 முதல் வரத்தொடங்கியது. 2007-இல் சோனி, சிரித்தால் தானே படமெடுக்கும் காமிராவைக் கொண்டுவந்தது. (அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள் தரும் நாளில் இதை வகுப்பில் வைத்தால் மாலை வரை ஒரு படமும் எடுக்காது!) 2010-இல் கேனன் வெளியிட்ட சில காமிராக்கள் கண் சிமிட்டினால் எடுத்தன; கூட்டத்தில் புதிதாக ஒரு முகம் வந்து சேர்ந்தால் எடுத்தன. இந்தப் பின்னதுதான் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. படமெடுப்பவர் ஓடிவந்து நின்ற பிறகே எடுப்பதால், எப்போதும் காமிராவுக்குப் பின்னாலேயே நின்றுவிடும் அம்மாவும் ஆசிரியையும் ஒருமுறையாவது படத்தில் வருவார்கள். பத்து வினாடி டைமரிலும் இது முடியும். ஆனால் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு வினாடி டைமர் வேறொரு காரியத்துக்கு. காமிராவை மேசைமேல் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தும்போது விரலால் உண்டாகும் அசைவு அடங்கிய பிறகு எடுப்பதற்கு.

கடைசியாகக் கடிகாரம். காமிராவுக்குள் கடிகாரத்துக்கென்றே சிறு மின்கலம் உண்டு. பெரிய பாட்டரியிலிருந்தே அது மின்சாரம் பெற்றுக்கொள்ளும். பாட்டரி இல்லாமல் சில வாரங்கள் கிடந்தால் அதுவும் தீர்ந்து, தேதி தொடக்க ஆண்டுக்கே போய்விடும். காமிரா கேட்கும்போது 'பிறகு' என்று அழுத்திவிட்டுப் படமெடுத்தால் அத்தனை படங்களிலும் தவறான தேதி ஏறும். எங்கள் தாத்தாவின் ஒன்பது படங்களில் தேதி சரியாக இருந்ததால்தான், திண்ணைப் படம் எனக்கு நாற்பத்தொரு நாள் ஆனபோது எடுத்தது என்று தெரிந்தது. பள்ளிக் காமிராவின் பாட்டரியை மாதம் ஒருமுறை சார்ஜ் செய்து போட்டு, தேதியைச் சரிபார்க்கும் பொறுப்பை இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றம் ஏற்றுக்கொண்டுள்ளது. அலமாரிச் சாவி அலுவலகத்தில்; கம்பி, காமிராவின் அதே பையில்.